கலிமா சொன்னபின் முதலில் எதைக் கற்பது?

சகோதரி, நீங்கள் எழுதியதை இப்படிப் புரிந்துகொண்டேன். கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்லி நான்கு மாதம் ஆகிறது. கோவையில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறீர்கள். தொழுகைப் புத்தகம் மூன்று வாங்கினீர்கள், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. அரபி வாயில் நுழைய மறுக்கிறது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அடிப்படையை எந்த வரிசையில் கற்பது, பெயர் மாற்றமும் சான்றிதழும் உடனே வேண்டுமா என்பது கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: "இதுவரை தொழுததெல்லாம் தப்பாக இருந்தால் என்ன ஆகும்?" வரிசை தெரியாததைவிட இந்தப் பயம்தான் உங்களை அலைக்கழிக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி, எடைபோட உதவும். நிஸ்வான் (பெண்கள்) மதரஸாவில் ஓதி ஆலிமா (மார்க்கக் கல்வி கற்ற பெண்) பட்டம் வாங்கியவள். பிறந்த ஊர் கீழக்கரைப் பக்கம், அதனால் ஓதியது ஷாஃபி முறை. வாழ்க்கைப்பட்டது ராவுத்தர் ஊரில், அங்கே எல்லாம் ஹனஃபி. இரண்டுமே மத்ஹபு எனப்படும் மார்க்கச் சட்ட வழிமுறைகள். பல வருடங்களாகப் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிறேன், அவர்களில் உங்களைப் போல வந்தவர்களும் உண்டு. ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுக்கும் தகுதி எனக்கில்லை. தொழுகையும் சுத்தமும் சொல்லித்தருவது என் தொழில். சட்ட விவகாரம் என் தொழில் இல்லை, அதை எழுதும்போது அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முஆவியா இப்னுல் ஹகம் என்று ஒரு நபித்தோழர். இஸ்லாத்துக்கு வந்த புதிது. நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் ஜமாஅத்தாகத் தொழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் தும்மினார். இவர் தொழுகையிலேயே வாய்விட்டு, "அல்லாஹ் உமக்கு அருள்புரியட்டும்" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் முறைத்தார்கள். "ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று அதையும் சத்தமாகவே கேட்டார். தங்கள் தொடையில் தட்டி அவரை அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நபியவர்கள் அவரைத் திட்டவுமில்லை, கடுகடுக்கவுமில்லை. இந்தத் தொழுகையில் மனிதப் பேச்சு பொருந்தாது, இது தஸ்பீஹும் (அல்லாஹ்வைத் துதிப்பது) தக்பீரும் (அல்லாஹு அக்பர் என்பது) குர்ஆன் ஓதுதலும்தான் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பத் தொழு என்று சொன்னதாக அந்த ஹதீஸில் (நபிமொழிப் பதிவில்) இல்லை. அவரைவிடச் சிறந்த ஆசிரியரை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை என்று முஆவியாவே சொல்வதாக முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. என்னிடம் ஓத வருகிறவர்களுக்கு ஒளுவுக்கு, அதாவது தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் முறைக்கு, முன்னால் இந்தச் சம்பவத்தைத்தான் சொல்வேன்.

உங்கள் நான்கு மாதக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கலிமாவுக்கு முந்தைய வாழ்க்கையில் தொழாதது, நோன்பு வைக்காதது எதற்கும் கழா (விட்டதைப் பின்னால் நிறைவேற்றுவது) இல்லை. இதில் மார்க்க அறிஞர்களிடையே தகராறே கிடையாது. இஸ்லாம் தனக்கு முன்னிருந்ததை அழித்துவிடும் என்று நபியவர்கள் அம்ரு இப்னுல் ஆஸ் என்ற தோழருக்குச் சொன்னது தெளிவான ஆதாரம். கலிமாவுக்குப் பின் தெரியாமல் தப்பும் தவறுமாகத் தொழுதவற்றைத் திருப்பித் தொழ வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வேண்டியதில்லை என்பவர்கள் மேலே சொன்ன சம்பவத்தைக் காட்டுகிறார்கள். இன்னொரு சம்பவமும் உண்டு: அவசர அவசரமாகத் தொழுத ஒருவரை நபியவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பித் தொழவைத்தார்கள், ஆனால் அதற்கு முந்தைய நாட்களின் தொழுகைகளைத் திருப்பச் சொல்லவில்லை. ஷாஃபி நூல்களில் இதைவிடக் கண்டிப்பு அதிகம், முக்கியமான கடமை விட்டுப்போயிருந்தால் கழா என்பார்கள். என் அபிப்பிராயம், நான்கு மாதத்துக் கணக்கை இப்போது கிளறாதீர்கள். சரியாகத் தொழப் பழகிய பிறகும் மனம் உறுத்தினால் அன்றைக்கு ஒரு ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். பழைய கணக்கில் விழுந்து இன்றைய தொழுகையையும் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது வரிசை. முஆத் இப்னு ஜபலை யமனுக்கு அனுப்பியபோது நபியவர்கள் சொன்ன வரிசைதான் எனக்குத் தெரிந்த சிறந்த பாடத்திட்டம். முதலில் கலிமா. அதை ஏற்றுக்கொண்டால், நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை கடமை என்று சொல்லுங்கள். அதற்கும் இணங்கினால் ஜகாத்தைச் சொல்லுங்கள். ஒன்று நின்றபின் அடுத்தது. நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. கலிமா சொன்ன மறுநாளே ஒருவர் புர்கா வாங்கிக்கொடுக்கிறார், ஒருவர் பெயர் வைக்கிறார், ஒருவர் இருபது துஆக்கள் (வேண்டுதல்கள்) அடங்கிய சின்னப் புத்தகத்தைக் கையில் திணிக்கிறார், இன்னொருவர் தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்று வகுப்பு எடுக்கிறார். எல்லோரும் பாசத்தில்தான் செய்கிறார்கள். ஒளு செய்ய மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

கலிமாவோடு நம்பிக்கை ஆறும் வரும்: அல்லாஹ், வானவர்கள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், விதி. இவற்றின் பொருளைத் தமிழில் ஒருமுறை நிதானமாகப் புரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும். வாதம் செய்யுமளவுக்குப் படிக்க வேண்டியதில்லை. விதி பற்றிய கேள்விகளில் சிக்கிக்கொள்ளாதீர்கள், அதில் பெரிய பெரிய அறிஞர்களே அளந்துதான் பேசியிருக்கிறார்கள்.

அடுத்து சுத்தம். ஒளுவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட நான்கு விஷயங்கள் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் ஆறாம் வசனத்தில் இருக்கின்றன. முகம் கழுவுவது, முழங்கை உட்பட இரு கைகளையும் கழுவுவது, தலையை ஈரக்கையால் தடவுவது, கணுக்கால் உட்பட இரு கால்களையும் கழுவுவது. ஹனஃபியில் இந்த நான்கோடு கடமை முடிந்தது. ஷாஃபியில் மனதில் நிய்யத் வைப்பதையும் வரிசை மாறாமல் செய்வதையும் சேர்த்து ஆறு. வாய் கொப்பளிப்பது, மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது, காது தடவுவது, மும்மூன்று முறை கழுவுவது எல்லாம் இந்த இரண்டு மத்ஹபிலும் சுன்னத் (கட்டாயமில்லாத நபிவழி). நீங்கள் நான்கையும் வரிசையாக, மனதில் எண்ணத்தோடு செய்துவிட்டால் இரண்டு கணக்கிலும் நிறைவேறிவிடும். நகப்பூச்சு இருந்தால் தண்ணீர் நகத்தைத் தொடாது, அதை எடுத்துவிட வேண்டும். மருதாணியால் பாதகமில்லை.

கடமையான குளிப்பு பெண்களுக்கு முக்கியம், ஆனால் வெட்கத்தில் யாரும் கேட்பதில்லை. மாதவிடாய் நின்றபின் குளிக்காமல் தொழுகை கூடாது. அந்த எண்ணத்தோடு உச்சி முதல் உள்ளங்கால் வரை தண்ணீர் படாத இடம் இல்லாமல் குளித்தால் அதுதான் குளிப்பு. ஹனஃபியில் வாய் கொப்பளிப்பதும் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதும் இதில் கட்டாயம், ஆகவே அவற்றையும் செய்துவிடுங்கள். பெருந்தொடக்கு, அதாவது குளிப்பு கடமையாகும் நிலை, நீங்கக் குளிக்கும்போது பின்னிய சடையை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டார்கள், மயிர்க்கால்கள் நனைந்தால் போதும் என்பதுதான் பதிலின் சாரம். மாதவிடாய் நாட்களில் தொழுகை இல்லை, அவற்றைப் பின்னால் கழா செய்யவும் வேண்டாம். ரமலானில் விட்ட நோன்புகளை மட்டும் பின்னால் வைக்க வேண்டும். இது ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது, இதில் மாற்றுக் கருத்து கிடையாது. கலிமா சொன்னபோது குளித்தீர்களா என்று யாராவது கேட்டிருப்பார்கள். மாலிக்கி, ஹன்பலி மத்ஹபுகளில் அந்தக் குளிப்பு கட்டாயம். ஹனஃபி, ஷாஃபியில் ஏற்கெனவே பெருந்தொடக்கு இருந்தால்தான் கட்டாயம், இல்லாவிட்டால் விரும்பத்தக்கது. நான்கு மாதத்தில் எத்தனையோ முறை முழுதாகக் குளித்திருப்பீர்கள். சந்தேகம் இருந்தால் இன்றைக்கு ஒருமுறை அந்த எண்ணத்தோடு குளித்துவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

இனி அந்த மூன்று புத்தகங்கள். அவற்றில் ஒன்று ஹனஃபி, ஒன்று ஷாஃபி, ஒன்று மத்ஹபைப் பின்பற்றாத தவ்ஹீத் வழியினர் போட்டது என்று பார்க்காமலே ஊகிக்கிறேன். தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி அதிகம். உள்நாட்டில் ராவுத்தர்களும் உருது பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஹனஃபி. கோவையில் உங்கள் ஹாஸ்டலுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல் அநேகமாக ஹனஃபியாக இருக்கும். கை கட்டும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் நெஞ்சில் கட்டுவார்கள் என்கிறது ஹனஃபி, நெஞ்சுக்குக் கீழே தொப்புளுக்கு மேலே என்கிறது ஷாஃபி. தொழுகை இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத் வாசகமே மாறுகிறதே என்று மிரண்டிருப்பீர்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்த வாசகத்தை ஹனஃபிகளும், இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்ததை ஷாஃபிகளும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் கற்றுக்கொடுத்தவர் நபியவர்கள்தான், இரண்டுமே நம்பகமான தொகுப்புகளில் இருக்கின்றன. சுப்ஹில் (அதிகாலைத் தொழுகையில்) குனூத் என்ற துஆ ஓதுவது, ருகூவுக்கு (குனிந்து வணங்க) போகும்போது கையை உயர்த்துவது, ஆமீனைச் சத்தமாகச் சொல்வது எல்லாம் இதே வகைதான். அத்தஹிய்யாத்தில் விரலை நீட்டுவதா ஆட்டுவதா என்று சண்டை போட்டுப் பள்ளிவாசல் இரண்டாகிப்போன ஊர்கள் நம்மிடம் உண்டு. அந்தச் சண்டையை எங்களுக்கே விட்டுவிடுங்கள்.

மூன்று புத்தகங்களும் ஒத்துப்போகிற இடத்தைப் பாருங்கள். சுப்ஹு இரண்டு, லுஹர் (நண்பகல்) நான்கு, அஸர் (மாலை) நான்கு, மஃரிப் (சூரியன் மறைந்ததும்) மூன்று, இஷா (இரவு) நான்கு, ஆக மொத்தம் பதினேழு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) பர்ளு (கட்டாயம்). நின்று அல்லாஹு அக்பர், அல்ஹம்து சூரா (குர்ஆனின் முதல் அத்தியாயம்), ருகூவு, நிமிர்வு, இரண்டு ஸஜ்தா (நெற்றி தரையில் பட வணங்குவது), கடைசி இருப்பில் அத்தஹிய்யாத், ஸலாம். இந்த எலும்புக்கூட்டில் யாருக்கும் தகராறு இல்லை. மூன்றில் எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பெட்டியில் போட்டுவிடுங்கள். எதை எடுப்பது என்றால், உங்களுக்கு ஓதிக்கொடுக்கக் கிடைப்பவர் எந்த முறையோ அந்தப் புத்தகம். சுன்னத் தொழுகைகள், வித்ரு, தஹஜ்ஜுத் என்ற இரவுத் தொழுகைகள் எல்லாம் பிறகு வரட்டும். ஹனஃபியில் வித்ரு வாஜிப் (பர்ளுக்கு அடுத்த நிலை), ஆகவே ஓதிக்கொடுப்பவர் அதைச் சீக்கிரமே கேட்பார், அவர் சொல்லும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். கிராமத்திலிருந்து வந்த ஒருவர் தன்மீது கடமை எது என்று கேட்டு, ஐந்து வேளைத் தொழுகை, ரமலான் நோன்பு, ஜகாத் என்று பதில் பெற்று, இதில் கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி நடந்தால் அவர் ஜெயித்துவிட்டார் என்றார்கள் நபியவர்கள்.

அரபி வராததைப் பற்றி. அல்ஹம்து சூரா ஏழே வசனம். ஒரு வாரத்துக்கு ஒரு வசனம் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். அதுவரை தொழுகையை நிறுத்திவைக்கக் கூடாது. குர்ஆனில் எதையும் மனனம் செய்ய முடியவில்லை என்று வந்த ஒருவருக்கு ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்து லில்லாஹ், லா இலாஹ இல்லல்லாஹ், அல்லாஹு அக்பர், லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ் என்று சொல்லும்படி நபியவர்கள் கற்றுக்கொடுத்ததாக அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஷாஃபி சட்டமும் இதைப் படிப்படியாகச் சொல்கிறது: அல்ஹம்து தெரியாதவர் தெரிந்த வேறு வசனங்களை ஓதலாம், அதுவும் தெரியாதவர் மேலே சொன்னது போன்ற திக்ரு சொல்லலாம், எதுவுமே தெரியாதவர் அல்ஹம்து ஓதுகிற நேர அளவுக்கு நின்றால் போதும். ஆனால் கற்கும் முயற்சி தொடர வேண்டும், இது தற்காலிக ஏற்பாடு.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட அரபியை மட்டும் நம்பி மனனம் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அரபியில் இரண்டு வேறு எழுத்துகள் தமிழில் ஒரே "ஹ" ஆகிவிடுகின்றன. தொண்டையின் நடுவிலிருந்து வரும் "ஐன்" எழுத்துக்குத் தமிழில் வழியே இல்லை. ழகரத்தை எழுத்தைக் காட்டி வெளியூர்க்காரருக்குப் புரியவைக்க முடியுமா? வாயைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள், இதுவும் அப்படித்தான். எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ என்ற காரி (குர்ஆனை முறைப்படி ஓதுபவர்), முழுக் குர்ஆனையும் முதன்முதலில் ஒலிப்பதிவு செய்தவர், 1980இல் காலமானார். மாணவருக்கு ஓதிக்காட்டுகிற மாதிரி நிதானமாக அவர் ஓதிய பதிவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பஸ்ஸில் போகும்போது அல்ஹம்துவை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிறகு தெரிந்த ஒருவரிடம் ஓதிக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லாத் தவறும் ஒரே எடை இல்லை. எழுத்தின் அழுத்தம் குறைந்தது, நீட்ட வேண்டியதைச் சற்றுக் குறுக்கியது போன்றவை பழகப் பழகச் சரியாகும். பொருளையே புரட்டுகிற தவறுகள் சில உண்டு, அவற்றை முதல் நாளே திருத்த வேண்டும். ஷாஃபி நூல்கள் காட்டும் பழைய உதாரணம்: "அன்அம்த" என்பதை "அன்அம்து" என்று ஓதினால், "நீ அருள்புரிந்தாய்" என்பது "நான் அருள்புரிந்தேன்" என்று ஆகிவிடும். நாக்கு திணறுகிறதே என்று வருந்த வேண்டாம். திக்கித் திணறிக் கஷ்டப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ். என்னிடம் பேரன் பேத்தி எடுத்தபின் அலிஃப், பா தொடங்கிய பெண்கள் ஓதுகிறார்கள். பிறவி முஸ்லிம்கள்தான், சின்ன வயதில் ஓத வாய்க்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியாது என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

ஹாஸ்டல் அறையில் தொழுவதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சுத்தமான துணி ஒன்று விரிக்க, முகமும் மணிக்கட்டு வரையிலான கையும் தவிர மற்றதெல்லாம் மறைகிற உடை. சுடிதாரின் மேல் பெரிய துப்பட்டாவைத் தலையோடு சுற்றினால் தொழலாம். ஷாஃபியில் பெண்களின் பாதமும் மறைய வேண்டும், சாக்ஸ் போட்டுக்கொண்டால் முடிந்தது. கிப்லா (தொழும்போது நோக்கும் மக்கா திசை) கோவையிலிருந்து மேற்கு, சற்றே வடக்கு சாய்ந்தாற்போல. வேலை நேரத்தில் லுஹரும் அஸரும் சிக்கினால் என்ன செய்வது? பர்ளு மட்டும் தொழ ஐந்தாறு நிமிடம் போதும், சாப்பாட்டு இடைவேளையில் லுஹர் நடந்துவிடும். தனித்தனி நேரத்தில் தொழ முடியாத நாளில் லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழலாமா என்பதில் கருத்து பிளக்கிறது. பயமோ மழையோ இல்லாமலே நபியவர்கள் மதீனாவில் சேர்த்துத் தொழுதார்கள், சமுதாயத்துக்குச் சிரமம் வேண்டாம் என்பதற்காக, என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். இதை வைத்து, வழக்கமாக்கிக்கொள்ளாமல் நெருக்கடியில் சேர்க்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். ஹனஃபியில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர இதற்கு இடமில்லை. விட்டுவிடுவதைவிடச் சேர்த்துத் தொழுவது மேல் என்பது என் சொந்த எண்ணம், ஃபத்வா அல்ல.

நோன்பு, ஜகாத், ஹஜ் பற்றிச் சுருக்கமாக. ரமலான் வரும்போது நோன்பைக் கற்றுக்கொண்டால் போதும், அதற்கு ஒரு மாதம் முன்னால் தொடங்குங்கள். ஜகாத் எல்லோருக்கும் இல்லை. அதற்கான அளவு தங்கத்தில் 85 கிராம், ஹனஃபி நூல்கள் 87 கிராமுக்குச் சற்று அதிகம் என்று கணக்கிடும். நம் பாஷையில் பத்தரை, பதினோரு பவுன். அந்த அளவு ஒரு வருடம் கையில் இருந்தால் நூற்றுக்கு இரண்டரை. அணிகிற நகைக்கு ஷாஃபியில் ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. ரொக்கத்துக்கு வெள்ளியின் அளவை வைத்துக் கணக்குப் பார்ப்பவர்களும் உண்டு, அந்த வரம்பு மிகக் குறைவு, ஆகவே சேமிப்பு இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஹஜ் வசதி வந்தபோது.

யாரிடம் கற்பது? தமிழ்நாட்டில் பல பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடமில்லை என்பது எங்கள் குறை, அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் (தொழுமிடங்கள்) உண்டு, எல்லா ஊரிலும் அப்படி இல்லை. பள்ளிவாசல் அலுவலகத்தில் போய், பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா யார், நிஸ்வான் மதரஸா எங்கே என்று கேளுங்கள். இமாமின் வீட்டம்மாவே சில இடங்களில் ஓதிக்கொடுப்பார். ஆண் ஆலிம் என்றால் பெயருக்குப் பின்னால் உள்ள பட்டம் அவர் எங்கே ஓதினார் என்று காட்டும். பாகவி என்றால் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், உமரி என்றால் உமராபாத் தாருஸ்ஸலாம், மன்பயீ என்றால் லால்பேட்டை, ஜமாலி என்றால் சென்னை ஜமாலியா. பட்டம் இருப்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, முறையாக ஓதியவர் என்பது மட்டும் உறுதி. முதல் வகுப்பிலேயே மற்ற முஸ்லிம்களைக் காஃபிர் என்பவரிடமும், உங்கள் குடும்பத்தை வெட்டிவிடச் சொல்பவரிடமும், பணமோ ஆவணமோ கேட்பவரிடமும் மறுபடி போக வேண்டாம். யூடியூபை ஆசிரியராக வைக்காதீர்கள். உங்கள் ஒளுவைப் பார்த்து, முழங்கை நனையவில்லையே என்று அது சொல்லாது.

அம்மா விஷயம். வீட்டில் சொல்லாததால் உங்கள் இஸ்லாம் குறைந்துவிடவில்லை. எப்போது சொல்வது என்பது உங்கள் வீட்டு நிலவரம் தெரிந்த நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது, வெளியிலிருந்து நான் நாள் குறிக்க முடியாது. பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். சொல்வதற்கு முன்னும் பின்னும் மாறாதது ஒன்று: அல்லாஹ்வுக்கு இணைவைக்கச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்தினால் அதில் மட்டும் கீழ்ப்படிய வேண்டாம், உலக வாழ்க்கையில் அவர்களோடு நல்லவிதமாக இரு என்று குர்ஆனின் 31ஆம் அத்தியாயம் 15ஆம் வசனம் சொல்கிறது. இணைவைப்பவராக இருந்த தன் தாய் தேடி வந்தபோது உறவாடலாமா என்று அஸ்மா (ரலி) கேட்டார்கள், ஆமாம், உறவாடு என்றார்கள் நபியவர்கள். ஆக, வீட்டுக்குப் பணம் அனுப்புவது, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போவது, அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது பக்கத்தில் இருப்பது எதையும் நிறுத்தாதீர்கள். அம்மா வைக்கும் சாம்பார், ரசம், மீன் குழம்பு எல்லாம் ஹலால்தான். மீனுக்கு அறுப்பு தேவையில்லை. ஆட்டிறைச்சி, கோழியைத்தான் பார்க்க வேண்டும். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது. அதைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிடுவதா, இப்போது வேண்டாம் என்று நகர்வதா என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விடுகிறேன். முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டியதில்லை.

பெயர் மாற்றம் கட்டாயமில்லை. உமர், காலித் எல்லோரும் இஸ்லாத்துக்கு முன்னிருந்த பெயரோடுதான் வாழ்ந்தார்கள். கெட்ட பொருள் உள்ள பெயர்களை நபியவர்கள் மாற்றினார்கள், "ஆஸியா" (மாறுசெய்பவள்) என்ற பெண்ணை ஜமீலா என்று அழைத்தார்கள். மலர், செல்வி, தமிழரசி போன்ற பெயர்களில் என்ன குறை? வேறு தெய்வத்துக்கு அடியாள் என்று பொருள் வரும் பெயரானால் மாற்றுவது சரி.

சான்றிதழைப் பொறுத்தவரை, அல்லாஹ்விடம் நீங்கள் முஸ்லிம் ஆவதற்குத் தாள் தேவையில்லை. நிக்காஹ், ஜனாஸா அடக்கம், உம்ரா பயணம் என்று வரும்போது ஜமாஅத்தும் அலுவலகங்களும் கேட்கும், அப்போது காஜியிடம் (நிக்காஹ் நடத்திப் பதிபவர்) வாங்கலாம். ஆனால் அதைப் பதிவேட்டுக்கும் அரசிதழுக்கும் கொண்டுபோகுமுன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நான் அறிந்தது இவ்வளவு: 1950ஆம் ஆண்டு ஆணையும் அதன் திருத்தங்களும் பட்டியல் சாதித் தகுதியை இந்து, சீக்கியர், பௌத்தர்களுக்கு மட்டுமே தருகின்றன, முஸ்லிமானால் அது போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. மதம் மாறியவர்களில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர், பட்டியல் சாதிப் பிரிவுகளிலிருந்து வந்தவர்களை அந்தப் பிரிவில் சேர்க்க 2024 மார்ச்சில் அரசாணை வந்தது. இப்படிப்பட்ட ஆணைகள் நீதிமன்றம் ஏறக்கூடியவை, ஆகவே விண்ணப்பிக்கும் நாளின் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மதம் மாறியதால் பெற்றோர் சொத்தில் உங்கள் வாரிசுரிமை தானாகப் போய்விடாது. ஆனால் மாற்றத்துக்குப் பின் பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினர் சொத்தில் வாரிசாக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், தனியாக இருக்கும் பெண்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. சான்றிதழ் வாங்கப் போன இடத்திலேயே மாப்பிள்ளை பேச ஆரம்பிப்பார்கள். தந்தை முஸ்லிமாக இல்லாவிட்டால் காஜி வலியாக (பெண்ணின் பொறுப்பாளராக) நின்று நிக்காஹ் நடத்த வழி இருக்கிறது, அதனால் அவசரப்பட எந்த மார்க்கக் காரணமும் இல்லை. மாப்பிள்ளை யார், ஏற்கெனவே மனைவி உண்டா, மஹர் (மணமகன் மணமகளுக்குத் தருவது) என்ன, நிக்காஹ் ஜமாஅத் பதிவேட்டில் ஏறுமா என்று உங்கள் சார்பில் விசாரிக்க நம்பகமான ஒரு பெண்மணி கிடைக்கும் வரை, "இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள். பிறந்த சான்றிதழ், ஆதார், கல்விச் சான்றிதழ்களின் அசலை யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டாம், நகல் போதும்.